புகைக்குழாயின் மறுமுனை

பிற்பகல் மூன்று இருபது. முதலில் கண்ணில் பட்டது ஒரு கறுப்புக் குடை. அது வெளியில் அல்ல, நெல் மில்லின் என்ஜின் அறைக்குள், கூரைக்குக் கீழே விரிந்திருந்தது. குடையின் நிழலில், கைக்கு அடக்கமான ஒரு பித்தளைக் கருவி புகைக்குழாயில் திருகப்பட்டிருந்தது. கருவியின் உருளையில் கடதாசி சுற்றியிருந்தது. கடதாசியில் ஒரு பென்சில் முனை மேடும் பள்ளமுமாகக் கோடு இழுத்துக்கொண்டிருந்தது. குடையைப் பிடித்திருந்த பெண் சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்து அதன் ஓரத்தைப் பல்லால் கவ்வியிருந்தார். சூறாவளி பிய்த்த கூரைத் தகடுகளையே மறுபடி அடித்திருந்தார்கள். என்ஜின் அதிரும்போதெல்லாம் அவற்றிலிருந்து துரு உதிர்ந்தது. பென்சிலில் துரு விழக்கூடாது என்பதற்குத்தான் குடை.

எண்பதுகளின் தொடக்கம். நான் கல்முனையிலிருந்து ஒரு தினசரிக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். என்ஜின் சத்தத்தால் பள்ளிவாசலுக்கும் மில்லுக்கும் தகராறு என்று கேள்விப்பட்டு அங்கே போனேன். போனபோது தகராறு தீர்ந்திருந்தது. மில் சொந்தக்காரரான ஹாஜியார், பள்ளியைப் பார்த்திருந்த புகைக்குழாயைத் திருப்பி, நீளமாக்கி, பின்சுவரைத் துளைத்துத் தென்னந்தோட்டத்துக்குள் விட்டிருந்தார். எழுத ஒன்றும் இல்லை. குடையைப் பார்த்தபடி நின்றேன்.

சுவரோர வாங்கில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பெண் என்னைக் கூப்பிட்டார்.

"என்ன தம்பி, புதினமாப் பாக்கிறீங்க? எங்கட மச்சி என்ஜினுக்கு நாடி பாக்கிறா. காய்ச்சலா தடிமனா எண்டு இன்னும் சொல்லல்ல."

குடை பிடித்திருந்தவர் டீச்சர். வெற்றிலைக்காரர் அவருடைய மதினி, கணவரின் மூத்த சகோதரி. கணவர் சவூதியில் இருந்தார். அதனால் டீச்சர் எங்கே போனாலும் மதினி துணைக்குப் போவார். டீச்சர் என்றால் அந்தப் பக்கத்தில் ஒருவர்தான். பெண்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் கற்பித்தவர். பின்னர் எத்தனையோ வருடம் பழகியும் நான் அவரை அப்படியே அழைத்தேன். இங்கேயும் அது போதும்.

அவருடைய ஒரு குணத்தைச் சொல்லிவிட்டால் மீதி தானாக விளங்கும். எந்த விடையையும் அவர் ஒரே வழியால் ஏற்றுக்கொள்ளமாட்டார். "இன்னொரு வழியாலயும் பாப்பம்" என்பார். அவர் வீட்டுச் சுவரில் ஒரு மணிக்கூடும் அலுமாரிக்கு மேல் இன்னொன்றும் ஓடின. இரண்டு எதற்கு என்று கேட்டேன்.

"ஒண்டு மட்டும் இரிந்தா, அது என்ன சொன்னாலும் நம்பத்தானே வேணும் தம்பி?"

மதினி ஒருமுறை மண்ணெண்ணெய் அடுப்பு வாங்கி, விறகடுப்பைவிட இதில் சோறு கெதியாக வேகும் என்று சாதித்தார். டீச்சர் மறுக்கவில்லை. ஒரே மூட்டையில் அரிசி எடுத்து, ஒரே அளவு பானைகள் இரண்டில், ஒரே கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, இரண்டு அடுப்பிலும் ஒரே நேரத்தில் ஏற்றினார். "ரெண்ட ஒப்பிடுறதெண்டா ரெண்டுக்கும் ஒரே அரிசி போடணும்" என்றார். விறகடுப்பு வென்றது. மதினிக்கு அது பெரிய கவலையாக இல்லை.

"தோத்தது பரவால்ல. மூண்டு நாளைக்குப் பழஞ்சோறு திண்டவ நான்தானே" என்று என்னிடம் முறையிட்டார்.

மதினியின் மகளுக்கு அட்டாளைச்சேனையில் மாப்பிள்ளை பேசியபோது, ஊர்வழக்கப்படி பையனின் அயலவரிடம் விசாரித்தார்கள். டீச்சர் அதோடு நிற்கவில்லை. பையனோடு சேர்ந்து தொழுகிற ஒருவரையும், பையனோடு வரப்புச் சண்டை போட்ட ஒருவரையும் தேடிக் கண்டுபிடித்து ஆள்விட்டுக் கேட்பித்தார். "கூட்டுக்காரன் சொன்னதும் கோவக்காரன் சொன்னதும் எங்க ஒத்துப்போகுதோ, அதுதான் மாப்பிள" என்றார். இருவரும் சொன்ன ஒரே விடயம், பையன் பிடிவாதக்காரன் ஆனால் சொன்ன சொல் தவறமாட்டான் என்பது. கலியாணம் நடந்தது.

என்னையும் விட்டுவைக்கவில்லை. கோமாரிக்கு அப்பால் ஒரு தோணி கவிழ்ந்து மூவர் மூழ்கிப் போய்விட்டார்கள் என்று சந்தையில் ஒரு மீனவர் சொன்னதை எழுதி எடுத்துக்கொண்டு தபால் கந்தோருக்குப் போய்க்கொண்டிருந்தேன். வழியில் டீச்சர்.

"ரெண்டாவது ஆள் ஆரு தம்பி?"

"எந்த ரெண்டாவது ஆள்?"

"இத உங்களுக்குச் சொன்ன ரெண்டாவது ஆள்."

அப்படி ஒருவர் இல்லை. கோமாரிக்கு பஸ் ஏறினேன். கவிழ்ந்த தோணி கரையில் கிடந்தது. போய்விட்டதாகச் சொல்லப்பட்ட மூவரும் அதன் நிழலில் இருந்து சோறு தின்றுகொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு கவளம் தந்தார்கள்.

எல்லோரும் இந்தக் குணத்தை ரசித்தார்கள் என்று சொல்ல முடியாது. "ஒரு சொல்லில நிக்காதவ" என்று சிலர் சொன்னார்கள். தன் சொல்லை இன்னொருவரிடம் சரிபார்க்கிறார் என்று தெரிந்தால் யாருக்கும் முகம் சுருங்கத்தான் செய்யும்.

அவர் மில்லில் என்ன செய்கிறார் என்பதை ஹாஜியாருக்கு அவரே விளக்கியபோது நானும் அருகில் இருந்தேன். ஹாஜியாருக்கு நற்பிட்டிமுனைப் பக்கம் வயல் இருந்தது. டீச்சர் வயலிலிருந்தே தொடங்கினார்.

"வாய்க்கால்ல கதவத் தொறந்தா, கடைசி வயலுக்குத் தண்ணி அந்த நிமிசமே போகுதா ஹாஜியார்?"

"எப்பிடிப் போகும்? தலைத்தண்ணி ஓடிப் போகணுமே."

"என்ஜினும் அப்பிடித்தான். ஒவ்வொரு தரம் மூச்சு விடக்குள்ளயும் புகை ஒரு தலைத்தண்ணி மாதிரிக் குழாய்க்குள்ள ஓடுது. கடைசில முட்டித் திரும்பி வருது. திரும்பி வாறது என்ஜினுக்கு உதவியா உபத்திரவமா எண்டத கணக்கால முன்கூட்டியே சொல்லணும். அதுக்கு மூண்டு வழி இரிக்கு."

முதலாவது வழியை அவர் 'நடக்கிற ஆள்' என்றார். தலைத்தண்ணியோடு கூடவே நடந்து, அது இப்போது எங்கே, எவ்வளவு உயரம் என்று விடாமல் பார்ப்பது. இரண்டாவது 'கம்புக்காரன்'. வாய்க்கால் நெடுக இடைவிட்டுக் கம்பு நட்டு, குறித்த நேரத்துக்கொருமுறை ஒவ்வொரு கம்பிலும் தண்ணீர் மட்டத்தைக் குறிப்பது. இது சுலபம், ஆனால் கம்புகளுக்கு இடையில் தலைத்தண்ணியின் கூர்மை தேய்ந்துபோகும். மூன்றாவது ஒரு கெட்டிக்காரக் கம்புக்காரன். கூர்மையைத் தேயவிடமாட்டான், ஆனால் தலைத்தண்ணிக்குப் பின்னால் இல்லாத சிற்றலைகளை வரைந்து வைப்பான்.

ஹாஜியார் தாடியைத் தடவினார். "அப்ப நடக்கிற ஆள்தான் சரி. ஆனா டீச்சர், அவனுக்குக் கூலி கூட வருமே?"

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த மகிழ்ச்சி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "அதுதான் ஹாஜியார்! கூடின கூலிக்கு ஏத்த வேல செய்யிறானா எண்டு பாக்கிறதுதான் என்ட ஆராய்ச்சியே."

கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்ட ஆராய்ச்சிக்குப் பதிந்திருந்தார். கம்புக்காரர்களின் கணக்கை அங்கிருந்த கணனியில் போட மாதத்துக்கு ஒருமுறை மதினியோடு பஸ் ஏறிப் போவார். நடக்கிற ஆளின் கணக்கை வீட்டில், பாய் அகலக் கட்டக்கோட்டுத் தாளில், போகும் அலைக்குச் சிவப்பும் வரும் அலைக்கு நீலமுமாகக் கோடு இழுத்துப் போட்டார். பெருக்கல் பிரித்தலுக்குக் கணவர் சவூதியிலிருந்து அனுப்பிய கல்குலேட்டர்.

"மத்தவள்ற மாப்பிளமார் காப்பும் கரிசமணியும் அனுப்புறாங்க. என்ட தம்பி கணக்கு மெசின் அனுப்பியிருக்கான்" என்பார் மதினி. "இதக் கழுத்தில போட்டுக்கிட்டுக் கலியாண வீட்டுக்குப் போக ஏலுமா?"

"போடுங்க மச்சி. நகைய விட இதான் பாரம்."

கணக்கு மூன்றும் தயார். அளவைக்காகப் பல்கலைக்கழகப் பட்டறையிலிருந்து பித்தளைக் கருவியை இரவல் வாங்கி வந்து ஹாஜியாரின் மில்லில் பொருத்தினார். பாடசாலை விட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு அஸர் என்ற பிற்பகல் தொழுகை நேரத்தில் மில்லுக்கு வருவார். அந்த நேரத்தைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. ஆண்கள் அஸர் தொழப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். நெல் கொட்டுவது நிற்கும், என்ஜின் ஒரே சுமையில் சீராக ஓடும், ஒரு பெண் குடையோடு நிற்பதைப் பார்க்கக் கூட்டமும் இருக்காது. தொழுகை அழைப்பான பாங்கு கேட்டதும் தலைப்பை இழுத்து மூடி, கருவியின் பக்கத்தில் தலைகுனிந்து நிற்பார். பாங்கு முடிந்ததும் கடதாசியை மாற்றுவார். ஆண்கள் திரும்புமுன் வீட்டுக்குப் போய்த் தன் தொழுகையைத் தொழுவார். மெதடிஸ்தக் கிறிஸ்தவனான நான் சில நாட்களில் அங்கே நின்று, கடதாசி எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு உயர்ந்தேன்.

மூன்று கணக்கும் ஏறத்தாழ ஒரே கதையைச் சொன்னன. அழுத்தம் குழாயின் திறந்த வாயில் முட்டி, உறிஞ்சலாக மாறித் திரும்பும் என்றன. பென்சில் நேர்மாறாகச் சொன்னது. திரும்பி வந்தது உறிஞ்சல் அல்ல, தள்ளல். கணக்கு பள்ளம் காட்டிய இடத்தில் கடதாசியில் மேடு இருந்தது. அடுத்த நாளும் மேடு. அடுத்த கிழமையும் மேடு.

ஆராய்ச்சியை மேற்பார்த்த பேராசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர், நேரே கதைப்பவர். டீச்சர் அந்த மாதம் போய்வந்து அவர் சொன்னதை மாறாமல் எனக்குச் சொன்னார். "பிள்ளை, நான் ஒளிச்சுக் கதைக்கேல்லை. கணக்கும் அளவையும் சேராட்டி உந்த ஆய்வேடு நிக்காது. தவணை முடிய நானே வந்து பாக்கிறன். அப்பவும் சேராட்டி விட்டிட்டுப் படிப்பிக்கப் போங்கோ."

அதற்குமேல் தவணை இல்லை. கல்வித் திணைக்களம் ஆராய்ச்சிக்குக் கொடுத்திருந்த அனுமதியும் அந்த வருடத்தோடு முடிந்தது. ஊருக்குத் தெரிந்தால் என்ன பேசும் என்று அவருக்குத் தெரியும். மாணவிகள் ஏற்கனவே அவருக்கு 'சைலன்சர் டீச்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அவர் அழவில்லை. கருவி பழுதா என்று பார்த்தார். அதையும் இரண்டு வழியால் பார்த்தார், பழுதில்லை. கணக்கைத் திரும்பப் போட்டார், பிழையில்லை.

"மூண்டு பேர் தனித்தனியா வந்து ஒரே கதையச் சொல்றாங்க. நாலாவது ஆள் மட்டும் வேற கதை சொல்றான். நாலாவது ஆள்தான் எதையோ சொல்லாம வைச்சிருக்கான்" என்று என்ஜின் அறையில் வைத்து என்னிடம் சொன்னார்.

என்ஜினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். மில்லின் என்ஜினை ஓட்டியவர் அவர்தான். ஊரில் எல்லோரும் என்ஜின் காக்கா என்பார்கள்; காக்கா என்றால் அண்ணன்.

"நாலாவது ஆள் ஆரு டீச்சர்? நானா?"

"உங்களச் சொல்லல்ல காக்கா. குழாயச் சொன்னன். அதுட வாய் தொறந்துதானே இரிக்கு?"

"தொறந்துதான் இரிக்கு."

அந்த நேரத்தில் ஹாஜியார் உள்ளே வந்தார். டீச்சர் அதே கேள்வியை அவரிடமும் கேட்டார். பழக்கம். ஹாஜியார் "தொறந்துதான்" என்று சொல்லி முடிப்பதற்குள் காக்கா எண்ணெய்த் துணியை நிலத்தில் எறிந்தார்.

"நான் சொன்னா காணாதா? இந்த என்ஜினோட நரைச்சவன் நான். நான் பொய் சொல்றன் எண்டு ஹாஜியாருக்கு முன்னால வைச்சுக் கேக்கிறீங்க?"

"காக்கா, உங்கள நம்பாமக் கேக்கல்ல. என்னையே நான் ரெண்டு தரம் கேக்கிறவ."

"அது உங்கட வீட்டில. இது மில்லு."

அன்றிலிருந்து காக்கா அவரோடு கதைக்கவில்லை. மதினி வெற்றிலை நீட்டினாலும் வாங்கவில்லை.

டீச்சர் வீட்டில் ஒரு புதுக் கணக்குப் போட்டார். குழாயின் வாய் முக்கால்வாசி மூடியிருப்பதாக வைத்து, மூன்று வழியாலும். நானும் மதினியும் பார்த்திருக்க, பென்சில் கடதாசியைக் கட்டக்கோட்டுத் தாளின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மேடு மேட்டில் விழுந்தது. பள்ளம் பள்ளத்தில் விழுந்தது.

"வாய் மூடியிருக்கு எண்டு கணக்கு சொல்லுது. தொறந்திருக்கு எண்டு காக்கா சொல்றார். காக்கா பொய் சொல்ற ஆள் இல்ல" என்றார். கடதாசியைக் கீழே வைத்தார். "ரெண்டும் மெய்யெண்டா, எது மெய் எண்டு கேக்கப்படா. எப்ப மெய் எண்டு கேக்கணும்."

சனிக்கிழமை, பாடசாலை இல்லாத நாள், காலை பத்து மணிக்குக் குடையோடு மில்லுக்குப் போனார். நெல் மூட்டையோடு வந்தவர்கள் எல்லோரும் வேலையை விட்டுப் பார்த்தார்கள். உமித் தூசியில் மதினி தும்மினார். பென்சில் ஓடியது. மேடு இருந்த இடத்தில் பள்ளம்.

அதே என்ஜின், அதே குழாய், அதே கருவி. மாறியது நேரம் மட்டும்.

டீச்சர் வீட்டுக்குப் போகவில்லை. வாங்கில் இருந்தார். லுஹர் என்ற நண்பகல் தொழுகை வந்து போனது. அந்த நேரம் மில் சாப்பாட்டுக்கு மூடிக்கிடந்தது. பிறகு என்ஜின் ஓடத் தொடங்கியது. மூன்று மணி தாண்டியது. பாங்கு சொல்லும் மோதினார் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டதும், என்ஜின் காக்கா தண்ணீர்ப் பீப்பாய்க்குள் கையை விட்டார். மற்ற நாட்களில் அந்த நேரத்தில் எங்கள் கண் கருவியில்தான் இருக்கும். ஒரு சாக்கை எடுத்துப் பிழிந்தார். தோளில் போட்டுக்கொண்டு பின்கதவால் வெளியே போனார்.

டீச்சர் குடையை மதினியின் கையில் திணித்துவிட்டுப் பின்னால் போனார். நானும் போனேன்.

தென்னந்தோட்டத்தில், பின்சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாயின் வாயில் காக்கா ஈரச் சாக்கைப் போர்த்திக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். சாக்கிலிருந்து ஆவி எழுந்தது. டுப் டுப் என்ற சத்தம் போர்வைக்குள் இருமுவது போல் அமுங்கியது. பள்ளியில் பாங்கு தொடங்கியது. காக்கா எங்களைக் கண்டும் முடிச்சைப் போட்டு முடித்தார். டீச்சர் சேலைத் தலைப்பை வாய்க்குள் அமுக்கிக்கொண்டு நின்றார். அவருடைய தோள்கள் குலுங்கின. பாங்கின் கடைசிச் சொல் முடியும்வரை அப்படியே நின்றார். முடிந்ததும் தலைப்பை எடுத்துவிட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"காக்கா, இது ஒவ்வொரு நாளும் நடக்குதா?"

"ஓம். என்ஜின நிப்பாட்டினா மறுகா கிளப்புறதுக்கு ரெண்டு ஆள் வேணும். அதால பாங்குக்கு மூடிக் கட்டிட்டு, தொழுதிட்டு வந்து அவுக்கிறன்."

"வாய் தொறந்திருக்கா எண்டு கேட்டனே. ஏன் சொல்லல்ல?"

காக்கா உண்மையாகவே திகைத்துப்போனார். "நீங்க என்ஜினப் பத்தியெல்லோ கேட்டீங்க டீச்சர்! இது என்ஜினுக்குச் செய்யிற வேலை இல்லையே. பள்ளிக்குச் செய்யிற மரியாதை."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் டீச்சர். "நீங்களும் பொய் சொல்லல்ல. கணக்கும் பொய் சொல்லல்ல."

"நான் அப்பவே சொன்னன்தானே" என்றார் காக்கா. கோபம் அந்த இடத்திலேயே தீர்ந்தது. உள்ளே போய் மதினியிடம் வெற்றிலை கேட்டு வாங்கினார்.

பேராசிரியர் வந்த நாளில் ஹாஜியார் மில்லைக் கழுவிவிட்டிருந்தார். டீச்சர் முதலில் திறந்த வாயோடு ஒரு கோடு எடுத்தார். பிறகு காக்காவைக் கூப்பிட்டுச் சாக்கைக் கட்டச் சொல்லி இன்னொன்று. பக்கத்தில் கணக்குத் தாள்களை விரித்தார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.

திறந்த வாய்க் கோட்டில் மூன்று வழியும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடந்தன. எது நல்லது என்று யாராலும் சொல்ல முடியாது. சாக்குக் கோட்டில்தான் மூன்றும் பிரிந்தன. மூடிய வாயில் முட்டித் திரும்பிய அழுத்தம் செங்குத்தாக எழுந்திருந்தது. நடக்கிற ஆள் அந்தச் செங்குத்தைப் பிடித்திருந்தான். கம்புக்காரன் அதைச் சரிவாக்கியிருந்தான். கெட்டிக்காரக் கம்புக்காரன் செங்குத்துக்குப் பின்னால் மூன்று பொய்ச் சிற்றலைகளை வரைந்திருந்தான்.

"வித்தியாசம் தெரியிறதே உந்தச் சாக்கிலைதான்" என்றார் பேராசிரியர். "வேணுமெண்டே கட்டுவிச்சனீங்களோ பிள்ளை?"

"இல்ல சேர். அது பள்ளிக்குக் கட்டினது."

பேராசிரியர் காக்காவைப் பார்த்தார். காக்கா தோளில் கிடந்த துணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு நிலைக்கும் மூண்டு வழி" என்றார் பேராசிரியர், தாள்களை அடுக்கியபடி. "ஆறும் அளவையோடை ஒப்பிட்டிருக்கு. உப்பிடி ஒண்டை நான் இஞ்சை இதுவரை காணேல்லை. எழுதி முடியுங்கோ."

ஹாஜியாருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "அப்ப நடக்கிற ஆள் வெண்டுட்டானா?"

"ஓம் ஹாஜியார். ஆனா கூலி கூடத்தான். கம்ப நெருக்கி நட்டா கம்புக்காரனும் கிட்ட வாறான்."

"நான் நடக்கிற ஆளோடதான்" என்றார் ஹாஜியார். சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். அன்று மதினி ஆக்கிய ஆட்டிறைச்சிக் கறியைப் பேராசிரியர் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். "சேரும் ரெண்டு தரம் பாக்கிறவர்தான்" என்றார் மதினி.

பட்டம் கிடைத்ததாகக் கடிதம் வந்தபோது டீச்சர் பஸ் ஏறப் புறப்பட்டார்.

"கடிதம் வந்திட்டுதேகா. இனி எங்க போறீங்க?" என்று மதினி கத்தினார்.

"பலகையிலயும் போட்டிருப்பாங்க. பாத்திட்டு வருவம், வாங்க."

போய், பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில் தன் பெயரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மறுநாள் மதினி வட்டிலப்பம் அவித்துத் தெரு முழுவதும் கொடுத்தார். காக்காவின் வீட்டுக்கு ஒரு முழுச் சட்டி போனது. பாடசாலையில் மாணவிகள் பெரிய காகித மாலை கட்டியிருந்தார்கள். மாலையின் நடுவில் ஒரு தகரக் குழாய் தொங்கியது. டீச்சர் அதைக் கழற்றாமல் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போய், அன்றைய பாடத்தை இரண்டு வழியால் நடத்தினார்.

ஆய்வேட்டின் ஒரு படி பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. கடைசி வரைபடத்தின் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி அச்சாகியிருக்கிறது: குழாயின் வெளிமுனை அஸர் தொழுகை நேரத்தில் ஈரச் சாக்கினால் மூடப்பட்டது.